சீருடையும் சவுத் பிளாக்கும்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கர்னலின் பதில்கள்

நாட்டின் வெளியுறவுக் கொள்கை, பாதுகாப்புத் தலைமை ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, தரைப்படையில் காலாட்படை அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கருத்துகள் அவருடையவை.

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி உருவாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இதுவரை ஒரு ராணுவத்தினர்கூட அதில் அமர்த்தப்படவில்லை. இது படைகளுக்கு இழைக்கப்படும் அவமதிப்பு அல்லவா? (வேலூர் வாசகர்)

1998 நவம்பரில் அந்தப் பதவி உருவானபோது முதலில் அமர்ந்தவர் பிரஜேஷ் மிஸ்ரா. அவருக்குப் பின் ஜே.என்.தீட்சித், எம்.கே.நாராயணன், சிவசங்கர் மேனன், அஜித் தோவல் என்று வந்தவர்களில் மூவர் வெளியுறவுப் பணியைச் சேர்ந்தவர்கள். இருவர் காவல் பணியிலிருந்து உளவுத்துறைக்குச் சென்றவர்கள். நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இதை அவமதிப்பு என்று நான் கருதவில்லை. அமெரிக்காவில் இந்தப் பதவியை இருமுறை வகித்த பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட் விமானப்படையின் லெப்டினன்ட் ஜெனரல். இன்றும் அந்தப் பதவிக்கு இலக்கணமாக அவரையே சொல்கிறார்கள். 2017-இல் அதே நாற்காலிக்கு வந்த மைக்கேல் ஃபிளின்னும் லெப்டினன்ட் ஜெனரல்தான். அவரால் ஒரு மாதம்கூட அதில் நீடிக்க முடியவில்லை. தோளில் இருக்கும் நட்சத்திரங்களை எண்ணி ஒருவருடைய அறிவுரையின் தரத்தை அளக்க முடியாது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியை நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. அவர் பிரதமருக்கு மட்டுமே அறிவுரை சொல்கிறார்; நாடாளுமன்றத்தின் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் பிரஜேஷ் மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலராகவும் இருந்துகொண்டே இதையும் பார்த்துவந்தார். ஒருவரே இரண்டையும் சுமப்பது சரியல்ல, முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று கார்கில் மறுஆய்வுக் குழு அப்போதே சொன்னது. அந்தக் குழுவின் தலைவர் கே.சுப்ரமணியம் நம் திருச்சிச் சீமையில் பிறந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இன்று அந்தப் பதவிக்கு கேபினட் அமைச்சருக்குரிய தகுதி இருக்கிறது. 2018-இலிருந்து முப்படைத் தளபதிகளும் துறைச் செயலர்களும் உறுப்பினராக உள்ள கொள்கைக் குழுவுக்கு அவரே தலைமை வகிக்கிறார். இவ்வளவு அதிகாரம் ஒரே இடத்தில் குவியும்போது, படைத் தளபதிகளின் தொழில்முறைக் கருத்து பிரதமரின் மேசைக்கு நேராகப் போகிறதா, அல்லது இடையில் இருப்பவரின் சுருக்கக் குறிப்பாகப் போகிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவில் பிரதமரும், பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்களும் உறுப்பினர்கள். தளபதிகள் அழைத்தால் வருவார்கள். அவர்கள் அங்கே சொன்ன கருத்து, முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே எழுத்தில் பதிவாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்குமானால், ஆலோசகர் நாற்காலியில் யார் அமர்ந்தாலும் எனக்கு உறக்கம் கெடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி வேண்டும் என்று அமைச்சர்கள் குழு 2001-இல் பரிந்துரைத்தது. அது அறிவிக்கப்பட்டதோ 2019 ஆகஸ்ட் 15 அன்று. முதல் தளபதி பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். அடுத்தவரான அனில் சௌஹான் பொறுப்பேற்றது 2022 செப்டம்பர் 30 அன்று. லடாக்கில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றிருந்த காலத்தில், அவ்வளவு இன்றியமையாதது என்று சொல்லி உருவாக்கிய ஒரு பதவியை ஒன்பது மாதங்களுக்கு மேல் காலியாக வைத்திருந்தார்கள். அவமதிப்பு என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் இதற்குப் பயன்படுத்துங்கள்.

1971-இல் ஜெனரல் மானெக்ஷா இந்திரா காந்தியிடம் “இப்போது போர் முடியாது” என்று மறுத்ததாகச் சொல்கிறார்களே, இன்றைய தளபதிகளிடம் அந்தத் துணிவு இருக்கிறதா? (திருநெல்வேலி வாசகர்)

அந்த ஏப்ரல் மாதக் கூட்டத்தைப் பற்றிய செய்தி பெரும்பாலும் மானெக்ஷா ஓய்வுபெற்ற பின் ஆற்றிய உரைகளிலிருந்து பரவியது. அவர் மிகச் சுவையாகக் கதை சொல்லக்கூடியவர். உடனே போர் தொடுக்க இந்திரா காந்திக்கே அப்போது விருப்பமில்லை என்று வாதிடும் வரலாற்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எது எப்படியாயினும், பருவமழைக்குப் பின், இமயக் கணவாய்கள் பனியால் மூடும் பருவத்தில் போரிட வேண்டும் என்ற ராணுவத்தின் கணக்கு சரியாக இருந்தது. அந்தக் கணக்கு தந்த மாதங்களை அரசு வீணாக்கவில்லை என்பதே எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு கோடியைத் தொட்ட அகதிகளின் நிலையை எடுத்துரைக்க இந்திரா காந்தி மேலை நாடுகளின் தலைநகரங்களுக்குச் சென்றார். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியபோது, ஐ.நா. பாதுகாப்பு அவையில் நமக்கு எதிரான தீர்மானத்தைத் தடுக்க ஒரு நாடு தயாராக இருந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தானதில் பாதிப் பங்கு, வெளியுறவு அமைச்சகம் இயங்கிய சவுத் பிளாக்கின் கோப்புகளுக்கு உண்டு என்று நான் சொன்னால், என் சக அதிகாரிகள் சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

துணிவைப் பற்றிக் கேட்டீர்கள். தளபதியின் துணிவு, கேட்கும் காது இருக்கும் இடத்தில்தான் பயன்படும். 1959-இல் தரைப்படைத் தளபதி ஜெனரல் திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட மோதலில் விலகல் கடிதம் கொடுத்தார். நேரு கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். பின்னர் நாடாளுமன்றத்தில் நேருவே அவரைக் குறைகூறிப் பேசினார். அதைப் பார்த்த அடுத்த நிலை அதிகாரிகள் என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றே ஆண்டுகளில் சீன எல்லையை ஒட்டிய நம்கா சூ ஆற்றங்கரையில் பிரிகேடியர் தல்வியின் படையணி, குளிர்கால உடைகளும் போதிய வெடிபொருளும் இல்லாமல், எதிரி உயரத்தில் இருக்கத் தான் பள்ளத்தில் நிற்கும்படி நிறுத்தப்பட்டது. அந்த இடத்தில் நிற்க முடியாது என்று கீழிருந்து போன எச்சரிக்கைகள் மேலே செல்லச் செல்ல மெலிந்தன. 1962 அக்டோபர் 12 அன்று கொழும்புக்குப் புறப்பட்ட நேரு, நம் நிலப்பகுதியை விடுவிக்கும்படி ராணுவத்துக்கு உத்தரவிட்டிருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். எட்டு நாட்களில் சீனப் படை இறங்கிவிட்டது.

இலங்கைக்கு இந்திய அமைதிப்படையை அனுப்பியது அரசியல் தலைமையின் பிழையா, ராணுவத் தலைமையின் பிழையா? (ராமேசுவரம் வாசகர்)

அந்தப் படையில் இளம் அதிகாரியாக இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. இரண்டு தரப்பின் பிழையும்தான் என்று பொதுவாகச் சொல்லி நழுவலாம். ஆனால் அதே காலத்தில் நடந்த வேறொன்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1986 கோடையில் அருணாசலத்தின் தவாங் பகுதியில், சும்துரோங் சூ பள்ளத்தாக்கில் சீனப் படையினர் வந்து தங்கிவிட்டது தெரியவந்தது. தரைப்படைத் தளபதி கே.சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்த தமிழர், ஒரு படையணியை ஹெலிகாப்டர்களில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்த முகடுகளில் நிறுத்தினார். சீனம் மிரட்டியது, தில்லியில் சிலர் அஞ்சினார்கள், படை நகரவில்லை. என்ன வேண்டும் என்பதில் எவருக்கும் குழப்பம் இருக்கவில்லை: 1962 மீண்டும் நடக்கக்கூடாது, ஆனால் போரும் வேண்டாம். முகடுகளில் படை நின்றுகொண்டிருந்தபோதே தூதர்கள் பேசினார்கள். 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பெய்ஜிங் சென்றார். 1993-இல் எல்லையில் அமைதி காப்பது பற்றிய முதல் உடன்படிக்கை வந்தது.

அதே பிரதமர், அதே தளபதி. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் விடுதலைப் புலிகள் கையெழுத்திடவில்லை; ஆனால் அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பெற்றுத் தரும் பொறுப்பை இந்தியா ஏற்றுக்கொண்டது. போகும்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது அமைதி காக்கும் பணி. அக்டோபர் 5 அன்று பலாலியில், இலங்கைப் படையின் காவலில் இருந்த புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டோர் சயனைடு அருந்தி இறந்தார்கள்; அதன் பின் ஒரு வாரத்துக்குள் நாங்கள் யாழ்ப்பாணத்துக்குள் சண்டையிட்டு நுழையும் படையாக மாறியிருந்தோம். யாருக்கும் யாருக்கும் இடையே அமைதி காக்கச் சென்றோமோ, அவர்களில் ஒரு தரப்பே எங்கள் எதிரியாகிவிட்டது. மறு தரப்பின் அரசு எங்களை வேண்டாவிருந்தாளியாகவே நடத்தியது. தூதரகம் ஒரு கணிப்பு சொன்னது. அதே இயக்கத்தினருக்கு முன்பு பயிற்சியளித்திருந்த உளவு அமைப்பு இன்னொரு கணிப்பு வைத்திருந்தது. மிகக் குறுகிய காலத்தில் முடித்துவிடலாம் என்று ராணுவத் தலைமையகம் எண்ணியதாக அக்காலத்தில் பொறுப்பிலிருந்த பலரும் பின்னர் எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள். எங்கே இறங்குகிறோம் என்பதை எதிரி முன்கூட்டியே அறிந்திருந்தான். மூன்று ஆண்டுகளுக்குள் நாங்கள் இழந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர்.

சும்துரோங் சூவில் அரசு தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தது. ராணுவம் அதற்கான வழியைத் தேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் நோக்கமே மாதத்துக்கு ஒன்றாக மாறியது. சுந்தர்ஜியைப் போன்ற கூர்மையான மூளை கொண்ட தளபதி ஒருவர், இந்த இரண்டாவது பணிக்கு எல்லை எது, முடிவு எது என்று கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு குறையை என்னால் மறைத்துப் பேச முடியாது.

திரும்பி வந்தபோது தமிழ்நாடு உங்களை வரவேற்கவில்லையே, அந்த வருத்தம் இருக்கிறதா? (அதே வாசகர்)

1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரிகோணமலையிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்கு வர மறுத்தார். ஜவான்களுக்கு அது வலித்தது. அவர்களில் பலர் பஞ்சாபிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் வந்தவர்கள், இந்த அரசியலின் உள்விவரம் அறியாதவர்கள். ஆனால் 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் நோயாளிகளும் எங்கள் படையினரின் தோட்டாக்களுக்கு இரையானதைத் தமிழ்நாட்டு மக்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் மாலையோடு துறைமுகத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இலங்கை அரசு எங்கள் இறந்தோருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறது. பிரதமர் மோடி 2015-இலும் 2025-இலும் அங்கே மலர்வளையம் வைத்தார்.

கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் ஏன் சுடவில்லை? அவர்கள் கையைக் கட்டிப்போட்டது யார்? (ராமநாதபுரம் வாசகர்)

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையினருடன் நடந்த கைகலப்பில் இறந்த 20 பேரில் உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1996 நவம்பரில் இந்தியாவும் சீனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் துப்பாக்கியால் சுடக்கூடாது. அதைத் தொடர்ந்து உருவான வழக்கத்தால், நேருக்கு நேர் நிற்கும்போது ஆயுதம் கையில் இருந்தாலும் பயன்படுத்துவதில்லை. அந்த உடன்படிக்கையை நான் பழிக்க மாட்டேன். 1975-க்குப் பின் 45 ஆண்டுகள் அந்த எல்லையில் சண்டையில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பது சிறிய சாதனையல்ல. அன்றிரவு ஆணியடித்த தடிகளோடு வந்தவர்கள் அதன் உணர்வை மீறினார்கள். தளபதிகளுக்கு இப்போது கூடுதல் சுதந்திரம் அளிக்கப்பட்டிருக்கிறது.

என் குற்றச்சாட்டு அந்த இரவைப் பற்றியதல்ல, அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. 2018 ஏப்ரலில் ஊகானிலும் 2019 அக்டோபரில் மாமல்லபுரத்திலும் இரு தலைவர்களும் முறைசாராச் சந்திப்பு நடத்தினார்கள். கடற்கரைக் கோயிலின் முன் வேட்டியணிந்த பிரதமரும் சீன அதிபரும் அமர்ந்திருந்த படம் உங்கள் நினைவில் இருக்கும். மாமல்லபுரத்திலிருந்து கல்வான் எட்டு மாதத் தொலைவு. தலைவர்கள் மட்டத்து நல்லுறவு எல்லையில் நிற்கும் படைகளுக்குக் கவசமாகிவிடும் என்ற நம்பிக்கை நம் கொள்கையில் மெல்ல நுழைந்துவிட்டது. 2020 வசந்தத்தில் சீனப் படைகள் திபெத்தில் பயிற்சிக்காகத் திரண்டு, அங்கிருந்தே எல்லையை நோக்கித் திரும்பியதை உரிய நேரத்தில் கணிக்கத் தவறியது உளவு, ராணுவம், வெளியுறவு ஆகிய மூன்றின் கூட்டுத் தவறு. ஜூன் 19 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று பிரதமர் சொன்னதும், மறுநாளே அவருடைய அலுவலகம் அதற்கு விளக்கம் தர வேண்டியிருந்ததும், பேச்சுவார்த்தை மேசையில் அமரப்போகும் நம் தூதர்களுக்கு உதவியாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நான் மனமாரப் பாராட்டுவேன். ஆகஸ்ட் இறுதியில் திபெத்தியர்கள் நிறைந்த சிறப்பு எல்லைப் படையும் பிற பிரிவுகளும் பாங்காங் ஏரிக்குத் தெற்கே கைலாஷ் மலைத்தொடரின் முகடுகளை ஓசையின்றிப் பிடித்தன. கீழே இருந்த சீனப் பாசறைகள் நம் பார்வைக்குள் வந்தன. பேரம் பேசக் கையில் ஒரு பொருள் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் ஏரியின் வடகரையிலிருந்து சீனம் பின்வாங்குவதற்கு ஈடாக அந்த முகடுகளை விட்டிறங்கினோம். லடாக்கிலேயே தெப்சாங், தெம்சோக் ஆகிய இடங்களின் சிக்கல் தீராமல் நின்றது. அவற்றில் ரோந்து செல்வதற்கான உடன்பாடு 2024 அக்டோபர் 21 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. முகடுகளை ஒரு குளிர்காலம் கூடுதலாக வைத்திருந்து மொத்தமாகப் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். அந்த உயரத்தில் குளிர்காலம் என்றால் என்ன என்று அறிந்துதான் இதைச் சொல்கிறேன்.

அக்னிபத் திட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து? அதை வெளியுறவோடு எப்படித் தொடர்புபடுத்துவீர்கள்? (சேலம், கல்லூரி மாணவி)

நான்கு ஆண்டுகள் பணி, அதன் பின் நால்வரில் ஒருவருக்கு மட்டுமே தொடர வாய்ப்பு என்ற ஏற்பாடு ஒரு பட்டாலியனின் ஒட்டுறவை எப்படிப் பாதிக்கும் என்பது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நீங்கள் கேட்ட இரண்டாவது பகுதிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. 1947-இல் இந்தியா, நேபாளம், பிரிட்டன் மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நேபாளக் கூர்க்காக்கள் நம் படையில் சேர்ந்துவந்தார்கள். நம்மிடம் ஏழு கூர்க்கா ரெஜிமென்ட்கள் இருக்கின்றன. 2022 ஜூனில் அக்னிபத் அறிவிக்கப்பட்டபோது, புதிய நிபந்தனைகள் பழைய உடன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று காத்மாண்டு சொன்னது; ஆகஸ்டில் ஆள்சேர்ப்பைத் தள்ளிவைக்கும்படி கேட்டது; அதோடு சேர்ப்பு நின்றது. நேபாள மலைக் கிராமங்களில் இந்தியாவின் ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொரு முன்னாள் ஹவில்தாரும் நமக்குச் சம்பளமில்லாத தூதர். அடுத்த தலைமுறையில் அந்த இடம் வெறுமையாகிவிட்டால் அதை நிரப்ப வேறொரு வல்லரசு மிக அருகில் இருக்கிறது. இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அறிவிப்புக்கு முன்பே நேபாளத்தோடு பேசி முடித்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொலைக்காட்சியில் மீசையை முறுக்கிக் கத்துகிறார்களே? (கோயம்புத்தூர் வாசகர்)

எனக்கும் அது பிடிக்கவில்லை. ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆபரேஷன் சிந்தூரில் வெளியுறவுத் துறையும் ராணுவமும் ஒன்றாகச் செயல்பட்டதாகச் சொல்கிறார்கள். நீங்கள் கேட்கும் ஒருங்கிணைப்பு வந்துவிட்டதா? (சென்னை வாசகர்)

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின், மே 7 அதிகாலையில் பாகிஸ்தான் தரப்பில் ஒன்பது இலக்குகள் தாக்கப்பட்டன. காலையில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி, கர்னல் சோஃபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து நாட்டுக்கு விளக்கினார்கள். தாக்குதலின் எல்லை முதலிலேயே வரையறுக்கப்பட்டிருந்தது, அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. 1999-இல் கார்கிலில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று வாஜ்பாய் அரசு விதித்த எல்லையைப் போன்றது அது. அந்த எல்லையால் நம் விமானிகள் மிகக் கடினமான கோணங்களில் பறக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே எல்லையால்தான் ஜூலை 4 அன்று வாஷிங்டனில் நவாஸ் ஷெரீஃப் மீது அமெரிக்கா அழுத்தம் கொடுத்தது. அரசியல் நோக்கத்துக்காக ராணுவம் கூடுதல் விலை கொடுப்பது தவறல்ல, விலை என்ன என்று இரு தரப்புக்கும் முன்பே தெரிந்திருந்தால்.

மே மாதத்தில் எனக்கு நிறைவளிக்காத பகுதி அதன் முடிவு. மே 10 மாலை சண்டை நிறுத்தத்தை முதலில் உலகுக்கு அறிவித்தவர் அமெரிக்க அதிபர். இரு நாட்டு ராணுவச் செயல்பாட்டு இயக்குநர்கள் நேரடியாகப் பேசி முடிவெடுத்தார்கள் என்பது நம் அரசின் நிலைப்பாடு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தச் செய்தியை நாம் முந்திச் சொல்லத் தவறியதால், மூன்றாம் நாட்டின் நடுவர்ப் பங்கை மறுப்பதிலேயே அடுத்த பல மாதங்கள் போயின. நம் விமான இழப்பை முதன்முதலாக ஒப்புக்கொண்ட இடமும் எனக்கு உறுத்தல்தான். மே 31 அன்று சிங்கப்பூரில் ஜெனரல் அனில் சௌஹான் அயல்நாட்டு ஊடகங்களிடம் அதைச் சொன்னார்; தொடக்கத்தில் நேர்ந்த உத்திப் பிழையைத் திருத்திக்கொண்டு மீண்டும் பறந்தோம் என்று நேர்மையாகவே சொன்னார். எந்தப் படையும் இழப்பில்லாமல் சண்டையிடுவதில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு முன் முதலில் சொல்லியிருக்கலாமே என்பதே என் கேள்வி. அனைத்துக் கட்சி உறுப்பினர்கள் கொண்ட ஏழு குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி விளக்க முடிந்தது, அவற்றில் ஒன்றுக்கு கனிமொழி தலைமை தாங்கினார். மாட்ரிட்டிலும் மாஸ்கோவிலும் பேசத் தகுதியுள்ளவர்களிடம் தில்லியில் மூடிய கதவுக்குள் பேசுவதற்கு என்ன தடை?

போர்களைப் பற்றிய உண்மை அறிக்கைகள் எப்போதுதான் மக்களுக்குக் கிடைக்கும்? (மதுரை வாசகர்)

கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை சில பகுதிகள் நீக்கப்பட்டு நூலாகவே வெளிவந்தது. போர் முடிந்து ஓராண்டுக்குள்ளேயே விசாரித்து, அறிக்கை எழுதி, வெளியிடவும் செய்த வாஜ்பாய் அரசுக்கு அந்தப் பெருமை உண்டு. மாறாக, 1962 தோல்வியை ஆராய்ந்து லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-இல் கொடுத்த அறிக்கை இன்றும் ரகசியம். 2010-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி, அதன் உள்ளடக்கம் இன்றைய ராணுவச் செயல்பாட்டுக்கும் பொருந்தக்கூடியது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014-இல் அதன் ஒரு பகுதியைப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இணையத்தில் வெளியிட்ட பின்னும், வானம் இடிந்து விழாத பின்னும், அரசின் முத்திரை உடையவில்லை. அந்த ஆய்வாளர்கள் ராணுவத்தின் பயிற்சி, தளவாடம், தலைமை ஆகியவற்றை மட்டுமே பார்க்கப் பணிக்கப்பட்டார்கள். தில்லியில் எடுக்கப்பட்ட முடிவுகள் அவர்கள் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. ஆகவே அது முழுதாக வெளிவந்தாலும் உங்கள் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளைத் தொகுப்பது பற்றி ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு போரோ படை நடவடிக்கையோ முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வரலாறு தொகுக்கப்பட வேண்டும். ஆவணங்கள் 25 ஆண்டுகள் கடந்தபின் ஆராயப்பட்டு ஆவணக்காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். இலங்கை நடவடிக்கை முடிந்து 35 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் ஆவணங்களைக் கேட்டு, அந்தக் கொள்கையைச் சுட்டிக்காட்டி, நம் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேள்வி எழுப்பலாம். கட்சி வேறுபாடு இதில் குறுக்கே வர வேண்டியதில்லை. 1987-இல் கையெழுத்திட்ட அரசும் 1990-இல் திருப்பியழைத்த அரசும் வெவ்வேறு கட்சிகளுடையவை.